வளைவு நிமிர்ந்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் ஆர்டிஸ் டோலஃப்சனுக்கு வருஷத்துக்கு ஒரு பன்றித்தொடை கொடுத்துவந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தீயணைப்புக் குழுவிலிருந்து இரண்டு பேர் போய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார்கள். முப்பத்தோரு வருஷம், முப்பத்தோரு தொடை. அதற்குப் பதிலாக அவள் செய்த வேலை, ஏரி உறைந்தபின் அதன்மேல் மனிதர் நடக்கலாமா கூடாதா என்று சொல்வது. நடக்கலாம் என்றால் நடந்தோம். கூடாது என்றால் ஏரியைச் சுற்றி நாலு மைல், காற்றைத் திட்டிக்கொண்டே சாலையில் போனோம். அவளை ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் எதிர்த்துக் கேட்பதில்லை. அதைப் பெரிய பண்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏரிக்குத் தெற்கே ஊர், வடக்கே மேட்டில் கல்லூரி. ஊரில் மூவாயிரம் பேர், மேட்டில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு கிடையாது. மருந்துக்கடைக்காரர், பீட்சா கடைக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாரும் செப்டம்பரில் இழுத்த மூச்சை மே மாதம்தான் விடுவார்கள். எனக்கும் சோறு போடுவது மேடுதான். என் பெயர் கர்ட். கல்லூரித் தோட்டப் பிரிவில் வேலை. கோடையில் புல் வெட்டுகிறோம், குளிர்காலத்தில் பனி தள்ளுகிறோம்.

ஆர்டிஸுக்கும் அங்கேதான் வேலை. சாப்பாட்டுக்கூடத்தின் பின்னால், பாத்திரம் கழுவும் அறையில் நாற்பத்து நாலு வருஷம் நின்றாள். பத்தொன்பது வயதில் பால் வண்டி ஓட்டுகிற மெர்லைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள், அடுத்த மாதமே கையுறை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய்விட்டாள். இரண்டு பையன்களை அங்கே நின்றுகொண்டே வளர்த்தாள். குட்டையான ஆள், அகலமான தோள், ஆண்குரல். அங்கே படித்த ஒரு பிள்ளையின் முகமும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் தட்டு தெரியும். கை துடைத்த தாளை முக்கோணமாக மடித்து வைக்கிறவன் யார், ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக் கோப்பைக்குள் போடுகிறவள் யார் என்று ஒரு கணக்கு வைத்திருப்பாள். "முக்கோணம் நாலு நாளா உருளைக்கிழங்கைத் தொடலை. போய் என்னன்னு கேளுங்க," என்று பரிமாறுகிறவர்களை விரட்டுவாள். கேட்டால் அந்தப் பையன் வீட்டில் ஏதாவது இழவு விழுந்திருக்கும். மனிதர்கள் கைவிட்டுப் போன பொருளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இதை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்.

ஏரி வேலை அவளுக்கு ஹால்வர் என்ற கிழவரிடமிருந்து வந்தது. அவர் மூட்டுவலி தாங்காமல் அரிசோனாவுக்குப் போனபோது பனிக்கட்டியில் துளை போடுகிற தன் துளைப்பானையும் பன்னிரண்டு அடிக் கம்பையும் அவள் வாசலில் சாத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து டிசம்பர் கடைசியில் தனியாக ஏரிமேல் போய் இருபத்திரண்டு இடத்தில் துளை போட்டு அளப்பாள். ஓர் ஆள் நடக்க நாலு அங்குலம் போதும். ஆர்டிஸ் பத்து இல்லாமல் பச்சைக் கொடி ஏற்றமாட்டாள். "தனியா எவன் நடக்கிறான்? கூட்டமாத்தானே மேய்வீங்க," என்பாள்.

கொடி ஏறியதும் ஊரே பழைய கிறிஸ்துமஸ் மரங்களை இழுத்துக்கொண்டு கரைக்கு வரும். பனிக்கட்டியில் துளை போட்டு, மரத்தை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் கல்தூண் போல உறைந்து நிற்கும். இரண்டு வரிசை மரம், நடுவில் பாதை. பனிப்புயலில் கண் தெரியாவிட்டாலும் மரத்திலிருந்து மரத்துக்குப் போய்க் கரை சேரலாம். மரம் நின்றால் பத்திரம். பாதையின் குறுக்கே மரம் படுத்துக் கிடந்தால் போகாதே என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

பாதை நேராகப் போகாது. ஊர்க்கரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கிழக்கே ஒரு வளைவு எடுத்து, பிறகு நிமிரும். அந்த இடத்துக்குச் சமையல்கட்டு என்று பெயர். ஏரியின் அடியில் ஊற்று, அதனால் மேலே பனிக்கட்டி கெட்டிப்படாது. கடுங்குளிரில் காலையில் பார்த்தால் அங்கே மட்டும் புகை மாதிரி ஆவி எழும்பும். முப்பது தப்படி அகலம் இருக்கும், அவ்வளவுதான். அதைச் சுற்றிப் போகத்தான் வளைவு. வயதானவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வளைவு என்பது வளைவு. எப்போதும் அப்படித்தான் இருந்தது.

போன வருஷம் எல்லாம் முறை தவறி வந்தது. பனிக்கட்டி கெட்டிப்படும் முன்பே நவம்பரில் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டி ஏரியைப் போர்வை போல மூடியது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது போனபோதும் சமையல்கட்டில் ஆவி வரவில்லை. நன்றாக உறைகிற ஏரி குளிரில் உறுமும். இரவு முழுக்க யாரோ கதவை இடிப்பது போலக் கேட்கும். போன வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஆர்டிஸுக்கு அது பிடிக்கவில்லை. பீட்சா கடையில் மெர்லும் அவளும் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் நான் இருந்தேன்.

"இந்த வருஷம் சமையல்கட்டுல புகையே வரலையே, பாத்தியா?" என்றாள்.

"உறைஞ்சிருக்கும். விடேன்," என்றார் மெர்ல், வாயில் பீட்சாவோடு.

"அடுப்பு அணையலை, மெர்ல். மேல மூடி போட்டிருக்கு. உள்ள கொதிச்சுக்கிட்டிருக்கும்."

"உனக்கு எதுல நிம்மதி? புகை வந்தாலும் பயம், வராட்டியும் பயம்."

"இந்த வருஷம் வளைவை இன்னும் பத்து தப்படி தள்ளிப் போடப்போறேன்," என்றாள். அப்படியே போட்டாள். எல்லா இடத்திலும் அளந்து, பதினாலு அங்குலம் என்று பார்த்து, வழக்கத்தைவிட ஒரு மாதம் தாமதமாக ஒரு புதன்கிழமை கொடியை ஏற்றிவிட்டு, வியாழக்கிழமை கண்புரை அறுவைக்காக மெர்லோடு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். சனிக்கிழமை காலை திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

அவள் அந்தத் தேதிக்குத் திரும்பியே ஆகவேண்டும். பிப்ரவரி முதல் சனிக்கிழமை நண்பகல், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த முந்நூறு பிள்ளைகளும் மேட்டிலிருந்து இறங்கி, ஏரியைக் கடந்து ஊருக்குள் வருவார்கள். முன்னால் கல்லூரி பித்தளை வாத்தியக் குழு. இந்தக் கரையில் நாங்கள் பீன்ஸ் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு நிற்போம். வருஷம் முழுக்கப் பெண்கள் பின்னிய கம்பளித் தொப்பியை ஆளுக்கொன்று தலையில் மாட்டிவிடுவோம். அதன்பிறகுதான் அவர்கள் எங்கள் பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் கொட்டகைக்கு ட்ரெவர் மாஷ் வந்தான். கல்லூரியின் படம், விளம்பரம் எல்லாம் பார்த்துக்கொள்ளக் கிழக்கிலிருந்து புதிதாக வந்தவன். நல்ல பையன். அதைச் சொல்லியே ஆகவேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்கு எதிர்த்துப் பேசச் சுலபமாக இருந்திருக்கும். அவன் இரண்டு டஜன் டோனட்டோடு வந்தான்.

"டிரோன்ல மேலேர்ந்து எடுக்கப்போறோம்," என்று போனில் காட்டினான். "பாதை நேரா இருந்தா, பின்னாடி மணிக்கூண்டு சரியா நடுவுல வரும். இது நடுவுல வளைஞ்சு கெடுக்குது. இந்த வளைவுக்குக் காரணம் ஏதாவது இருக்கா?"

நேராகத்தான் கேட்டான். நாங்கள் நாலு பேர் நின்றோம். நான் என் காலணியைப் பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் லைல் ஹாகன் டோனட்டைக் கடித்துவிட்டு, "எப்பவும் அப்படித்தான் இருக்கும்," என்றார்.

"அப்போ மாத்தலாமா? உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் லைல்.

லைல் வயதுக்காரருக்குச் சமையல்கட்டு தெரியாதா? தெரியும். ஆனால் புகை வரவில்லை, குளிர் இருபதுக்குக் கீழே, கொடி பச்சை. அதோடு, வாங்கித் தின்றபின் ஒருவனிடம் முடியாது என்று சொல்வது எப்படி? எனக்கோ வேறொரு கணக்கு இருந்தது. கல்லூரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு இலவசம். என் மகள் பிரிட்டா பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இன்னும் ஐந்து வருஷம் நான் யாரையும் முறைத்துக்கொள்ளாமல் புல் வெட்ட வேண்டும்.

அன்று பகலில் நாற்பது மரங்களைப் பிடுங்கி நேர்க்கோட்டில் நட்டோம். நடுவில் ஓர் இடத்தில் நான் துளைப்பானை வைத்து அழுத்தினேன். மற்ற இடத்தில் தோள் கழன்றுபோகிற வேலை. இங்கே மூன்று சுற்றில் கீழே போய்விட்டது. சாம்பல் நிறத்தில் தண்ணீர் மேலே வந்து என் காலணியைச் சுற்றி நின்றது.

"லைல், இங்க சீக்கிரமா இறங்கிடுச்சு," என்றேன்.

"துளைப்பானுக்குப் புதுக் கத்தி போட்டியா?"

"இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரி, மரத்தை நடு. மணி மூணாச்சு," என்றார். நட்டேன். சிவப்புத் துணியைக் கட்டினேன். அப்போது எனக்குப் பயமாக இருந்தது. பயத்தோடேயே அடுத்த மரத்துக்குப் போனேன்.

சனிக்கிழமை வெயிலில் கண் கூசியது. கரையில் பானைகள் கொதித்தன, தொப்பிகள் கூடை கூடையாக வந்து இறங்கின. பதினொன்றரைக்கு மெர்லின் வண்டி வந்து நின்றது. ஆர்டிஸ் ஒரு கண்ணில் கட்டோடு இறங்கினாள். கை நிறையத் தொப்பி வைத்திருந்த பெண்கள் கேலி செய்தார்கள்.

"கடற்கொள்ளைக்காரி மாதிரி இருக்கியே ஆர்டிஸ்! கப்பலை எங்க விட்டே?"

அவள் சிரிக்கவில்லை. இருந்த ஒற்றைக் கண்ணால் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வளைவு எங்க?" என்றாள்.

"நேரா இருக்கிறதும் பாக்க அழகாத்தான் இருக்கு," என்றாள் தொப்பிக்காரி ஒருத்தி.

"அந்த மரம் ஏன் சாஞ்சு நிக்குது?"

எல்லாரும் பார்த்தோம். வரிசையில் எல்லா மரமும் விறைத்து நிற்க, ஒன்று மட்டும் குடித்தவன் போலச் சாய்ந்திருந்தது. இருபதுக்குக் கீழே குளிரில், ஓர் இரவு முழுக்க, அந்தத் துளை உறையவில்லை. நான் நட்ட மரம் அது.

ஆர்டிஸ் நேராக என்னிடம் வந்தாள். "கர்ட், மரத்தை யாரு மாத்துனா?"

"தெரியலையே ஆர்டிஸ். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஏதோ..." என்றேன்.

என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு மெர்லின் வண்டியிலிருந்து கம்பை உருவிக்கொண்டு ஏரிமேல் இறங்கிவிட்டாள். அந்தக் கரையில் மணி அடிக்கத் தொடங்கியது. வாத்தியம் கேட்டது. முந்நூறு பேர் நெருக்கமாக, கைகோத்துக்கொண்டு, பனிக்கட்டி மேல் வந்தார்கள். நெருக்கமாக வரச் சொல்லியிருந்தார்கள். படத்துக்கு அப்படித்தான் நன்றாக இருக்குமாம்.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அந்தக் கரையில் நின்ற லைலின் எண் அதில் இருந்தது. கையில் எடுத்தேன். கூப்பிட்டால், எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழுதாக நாலு நிமிஷம் நின்றேன்.

ஆர்டிஸ் சாய்ந்த மரத்திடம் போய், குனிந்து, அதை வெறும் கையால் பிடுங்கினாள். முள்ளங்கி போல வந்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பாதைக்குக் குறுக்கே படுக்கப் போட்டாள். இந்தக் கரையில் பேச்சு நின்றது. ஆனால் வருகிறவர்கள் டெக்சஸும் நியூ ஜெர்சியுமாக வந்த பிள்ளைகள். படுத்த மரத்தைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள்? வரவேற்பு என்று நினைத்து ஓவென்று கத்தினார்கள். அவள் கை இரண்டையும் ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள். அவள் போட்ட சத்தத்தைப் பித்தளை விழுங்கிவிட்டது.

அவர்கள் வந்து சேர இருநூறு அடி இருக்கும்போது ஆர்டிஸ், படுத்திருந்த மரத்தைத் தாண்டி நாலு எட்டு முன்னால் போனாள். கம்பைக் குறுக்காக மார்போடு பிடித்துக்கொண்டாள். குதித்தாள். அறுபத்து மூன்று வயது, ஒற்றைக் கண், பத்துக் கிலோ உடுப்பு. இரண்டாம் தடவையும் குதித்தாள். எங்கள் கரையில் யாரோ கைதட்டினார்கள். மூன்றாம் தடவை குதித்தபோது அங்கே ஆள் இல்லை.

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. முந்நூறு பேரும் அப்படியே உறைந்தார்கள். கறுப்பாக ஓர் ஓட்டை, அதன் விளிம்பில் மாட்டிய கம்பு, கம்பில் தொங்கிய இரண்டு கைகள். மேலே டிரோன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தீயணைப்புக் குழு சறுக்குவண்டியில் படுத்து ஊர்ந்துபோய் அவளை வெளியே இழுக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

அன்று மாலையே லைல் எங்களைக் கூப்பிட்டு எல்லா மரங்களையும் பிடுங்கச் சொன்னார். பாதுகாப்புக்காம். பிடுங்கினோம். மறுநாள் ஏரிமேல் கோடும் இல்லை, வளைவும் இல்லை. கண்கட்டோடு போனவள் வழி தவறிச் சமையல்கட்டில் கால் வைத்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. கல்லூரி ஓர் அறிக்கை விட்டது. பனிக்கட்டியை அளந்து கொடி ஏற்றியது ஊரின் தன்னார்வலர் என்றும், அவர் நலம்பெற வேண்டுகிறோம் என்றும் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ட்ரெவர் பூ அனுப்பினான். அவன் உண்மையாகவே அழுததாகச் சொன்னார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கும்," என்றேன். வானிலை பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஊர்க் கூட்டத்தில் அவளுக்கு நன்றி சொல்லி, இனி ஓய்வெடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். "கொடி நான் ஏத்துனது," என்று மட்டும் மெர்லிடம் சொன்னாளாம். பாத்திர அறைக்கும் அவள் திரும்பிப் போகவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க முடியாது. இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை போகவில்லை.

இந்த வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் இயந்திரத்தோடு வந்து ஐந்து இடத்தில் அளந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சமையல்கட்டு மூன்றாவது இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவில் சௌகரியமாகப் படுத்திருக்கிறது. இந்த நவம்பரிலும் பனி முந்திக்கொண்டது. இந்த ஜனவரியிலும் அங்கே புகை இல்லை. கல்லூரி வாசலில் ஆள் உயரப் படம் மாட்டியிருக்கிறார்கள்: வெள்ளை ஏரி, நேர்க்கோட்டில் மரங்கள், நடுவில் மணிக்கூண்டு, கைகோத்த பிள்ளைகள். ஆர்டிஸ் தண்ணீருக்குள் போவதற்கு முன் எடுத்தது. பிரிட்டா அதன் கீழே நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அவள் இப்போது அங்கே முதல் வருஷம். நாளை மறுநாள் அவளும் நடக்கிறாள்.

இன்று காலை லைல் கொட்டகையில் அந்தப் படத்தை மேசைமேல் விரித்தார். "நாளைக்கு இதே மாதிரி நட்டுடணும்," என்றார்.

"வளைச்சுத்தான் நடணும், லைல்."

"படத்துல நேரால்ல இருக்கு."

"நான் நடமாட்டேன்," என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன்.

லைல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். காபியை ஊதிக் குடித்தார். "பரவால்ல கர்ட். மத்த மூணு பேரு இருக்காங்க," என்றார். கொஞ்சம் கழித்து, "பிரிட்டா நல்லா படிக்கிறாளாமே? கேக்கவே சந்தோஷமா இருக்கு," என்றார்.

வேலை முடிந்ததும் ஆர்டிஸ் வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அந்த மரத்தை நட்டது நான்தான் ஆர்டிஸ்."

"தெரியும்," என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ இடதுகைக்காரன். துணியில உன் முடிச்சு தலைகீழா விழும். மரத்தைப் பிடுங்குனப்பவே பாத்தேன்."

அந்தத் தண்ணீருக்குள் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்க நான் அவளைப் பார்த்து வானிலை பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று சுற்றில் இறங்கிய துளை, போன், நாலு நிமிஷம், லைல், நாளைக்கு நடப்போகிற மரங்கள்.

"பிரிட்டா நடக்கிறா ஆர்டிஸ். என் பொண்ணு நடக்கிறா," என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வருஷம் நடந்த பிள்ளைங்களுக்கும் அப்பன் இருந்தான், கர்ட்," என்றாள்.

பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். கம்பு அங்கே சாத்தியிருந்தது. "அதை எடுத்துக்கோ. தேவாலயத்து அடித்தளத்துல இப்ப எல்லாரும் தொப்பிக்கு நூல் கத்தரிச்சுக்கிட்டிருப்பாங்க. என்கிட்ட சொன்னதை அங்க போய்ச் சொல்லு."

போனேன். நாற்பது பேர் நீள மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தொப்பி, நிறம் நிறமாகக் குவிந்திருந்தது. நடுவில் போய் நின்று, போன வருஷம் வளைவை நிமிர்த்தியவர்களில் நானும் ஒருவன் என்று ஆரம்பித்தேன். லைல் பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன். சமையல்கட்டு எந்த இரண்டு துளைக்கு நடுவில் இருக்கிறது என்று சொன்னேன். நாளைக்கு மறுபடி அதன்மேல் மரம் நடப்போகிறார்கள் என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

கத்தரிகள் நின்றன. லைலின் மனைவி தன் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் என்னை எதிர்த்துக் கேட்கவில்லை. யாராவது பொய் என்று கத்தமாட்டார்களா என்று இருந்தது எனக்கு. கடைசியில் போதகரின் மனைவி எழுந்து என் தோளைத் தொட்டாள்.

"ரொம்பக் களைச்சிருக்க கர்ட். காபி சூடா இருக்கு, ஒரு துண்டு கேக் எடுத்துக்கோ," என்றாள்.

கத்தரிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தன. நான் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். பிரிட்டாவைக் கூப்பிட்டு நடக்காதே என்றேன். எல்லாரும் நடக்கும்போது நான் மட்டும் எப்படி நிற்பேன் அப்பா, அசிங்கமாக இருக்காதா என்று சிரித்தாள். எங்கள் ஊரில் பிறந்த பெண்.

சனிக்கிழமை நண்பகலுக்கு இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆர்டிஸின் கம்பு பின்சீட்டில் கொள்ளாமல் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் குறுக்காக, மார்போடு பிடிக்க வேண்டும். அது ஒன்றை நான் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.